ஹாரர் கேம் படமாகும்போது பயம் எங்கே போகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: முதல் ‘சைலன்ட் ஹில்’ விளையாடியபோது ஒரு கதவைத் திறக்கவே தயங்கி நின்றீர்கள், 2006-இல் வந்த அதன் படத்தைப் பார்த்தபோது அந்தப் பயம் துளியும் வரவில்லை. இந்த கேம்களே பாதி சினிமா மாதிரிதான் இருக்கின்றன, பிறகு ஏன் படமாக்கும்போது சொதப்புகிறார்கள், எடுப்பவர்களுக்கு கேம் தெரியாததுதான் காரணமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. படம் மோசமாக இருப்பது ஒன்று. படம் சுமாராகவோ நன்றாகவோ இருந்தும் கேமில் வந்த பயம் வராமல் போவது இன்னொன்று. முதலாவதற்கு அவசரம், பணம், கைமாறிக்கொண்டே இருக்கும் ஸ்கிரிப்ட் என்று எந்தப் படத்துக்கும் உள்ள காரணங்கள்தான். நீங்கள் உண்மையில் கேட்பது இரண்டாவதை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். சில கதைகளின் முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைப் பேச முடியாது. ‘சைலன்ட் ஹில் 2’, ‘டிடென்ஷன்’ இரண்டையும் இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் அந்தப் பத்திகளைத் தாண்டிப் படியுங்கள்.

கேம் தெரியாதவர்கள் எடுப்பதால்தான் என்ற வாதத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ‘சைலன்ட் ஹில்’ படத்தை இயக்கிய கிறிஸ்டோஃப் கான்ஸ் அந்த கேமின் தீவிர ரசிகர். உரிமை கேட்டபோது, அந்த கேம் தனக்கு எவ்வளவு முக்கியம் என்று தானே பேசிப் பதிவுசெய்த வீடியோவை, கேமை வெளியிட்ட கொனாமி நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தவர். அகிரா யமஓகா கேமுக்குப் போட்ட இசையையே படத்திலும் நிறையப் பயன்படுத்தினார். பக்தி குறைவாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கேமைப் பற்றிக் கவலையே படாத இயக்குநர்களும் உண்டு. 2003-இல் வந்த ‘ஹவுஸ் ஆஃப் தி டெட்’ படத்தை இயக்கிய ஊவே போல் என்பவர், சண்டைக்கு நடுவே கேமின் காட்சித் துணுக்குகளையே வெட்டி ஒட்டியிருந்தார். ஆனால் பக்தியுள்ளவரும் இல்லாதவரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்றால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

அது உங்கள் கையில் இருக்கிறது. 1996-இல் காப்காம் வெளியிட்ட முதல் ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ், ஜில் என்று இரண்டு பாத்திரங்கள். கிறிஸ்ஸாக ஆடினால் பையில் 6 இடம், ஜில் என்ற பெண்ணாக ஆடினால் 8 இடம். துப்பாக்கிக்கு ஒன்று, குண்டுகளுக்கு ஒன்று, காயம் ஆற்றும் பச்சிலைக்கு ஒன்று, சாவிக்கு ஒன்று. கிறிஸ்ஸுக்கு மிச்சம் இரண்டு. ஆட்டத்தை சேவ் செய்ய டைப்ரைட்டர் இருக்கும் அறைக்குப் போக வேண்டும். அதற்கு மை ரிப்பன் வேண்டும். அந்த ரிப்பன் எண்ணிக்கை அளவானது, அதுவும் பையில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்போது ஒரு குறுகிய தாழ்வாரத்தில் ஒரு ஜோம்பி நிற்கிறது. சுட்டால் ஏழெட்டு குண்டு போகும். சுடாமல் ஒதுங்கி ஓடினால் கடி வாங்கலாம். செத்தால் கடைசியாக சேவ் செய்ததற்குப் பிறகு ஆடிய நாற்பது நிமிடமும் போச்சு. அந்த ஜோம்பி பார்க்க அப்படியொன்றும் கொடூரமாக இல்லை, குரல் நடிப்போ சிரிப்பு வரவைக்கும். ஆனாலும் வயிற்றைக் கலக்கும். உங்கள் மாலைப்பொழுதில் நாற்பது நிமிடம் நிஜமாகவே பணயத்தில் இருக்கிறது என்பதுதான் காரணம். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இழக்க எதுவும் இல்லை. டிக்கெட் காசு முன்பே போய்விட்டது.

இதை உறுதியாகவே சொல்லலாம்: ஹாரர் கேமில் பயத்தின் பெரும்பகுதி கதையில் இல்லை, உருவத்திலும் இல்லை, விதிகளில் இருக்கிறது. எவ்வளவு எடுத்துச் செல்லலாம், எங்கே நின்று மூச்சு வாங்கலாம், எதைக் கேட்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்பவைதான் அந்த விதிகள். படமாக்குபவர் வாங்கும் உரிமையில் பெயர்கள், உடைகள், கட்டடங்கள், பூதங்கள் எல்லாம் வந்துவிடும். விதிகள் மட்டும் கூடவே வருவதில்லை. அவற்றுக்கு ஈடாகச் சினிமாவில் எது செய்யும் என்று புதிதாக யோசித்தாக வேண்டும்.

‘ஏற்கெனவே சினிமா மாதிரிதானே இருக்கிறது’ என்றீர்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. முதல் ரெசிடென்ட் ஈவிலில் கேமரா அறையின் ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். முன்கூட்டியே வரைந்து வைத்த பின்னணிப் படங்களின் மேல்தான் பாத்திரங்கள் நடந்தன என்பதால் அந்தக் கேமராவை நகர்த்த வழியில்லை. அந்தக் கட்டுப்பாடு வரமாக மாறியது: திருப்பத்துக்கு அப்பால் முனகல் கேட்கிறது, அங்கே என்ன நிற்கிறது என்று உங்கள் பாத்திரத்துக்குத் தெரிய வேண்டும், ஆனால் உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். கேமில் கேமராவைத் திருப்பிப் பார்க்கும் உரிமையை எதிர்பார்க்கிறோம், அது மறுக்கப்படுகிறது. சினிமாவில் அந்த உரிமை நமக்கு எப்போதுமே இருந்ததில்லை. அதே கோணத்தை, அதே தாழ்வாரத்தை அச்சு அசலாகத் திரையில் வைத்தால் அது இன்னொரு வைட் ஷாட், அவ்வளவுதான். அறைக்கு அறை கதவு மெதுவாகத் திறக்கும் காட்சியும் இப்படித்தான். லோடிங் நேரத்தை மறைக்க வைத்தது. ஆடுபவருக்கு அதுவே வதை. படத்தில் வைத்தால் எடிட்டர் முதல் வேலையாக அதைத்தான் வெட்டுவார்.

கட்சீன்களை, அதாவது ஆட்டத்துக்கு நடுவே நாம் பார்க்க மட்டும் வரும் கதைக் காட்சிகளை, வரிசையாகச் சேர்த்தாலே படம் கிடைத்துவிடாதா என்று பலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்கிரிப்ட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். ஹாரர் படத்துக்கு 95 முதல் 110 பக்கம். எட்டு மணி நேர கேமில் கட்சீன்கள் ஒன்றரை மணி நேரம் இருந்தால் நீளம் கச்சிதமாகப் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் கேமில் கட்சீன் என்பது ஓய்வு. கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, இப்போது சாக மாட்டேன் என்று மூச்சு விடும் நேரம். ஓய்வுகளை மட்டும் கோத்தால் வருவது ஓய்வுதான். பதற்றம் முழுக்க, ஒரு வசனமும் இல்லாமல் இருட்டுத் தாழ்வாரத்தில் நீங்கள் நடந்த அந்த ஆறரை மணி நேரத்தில் இருந்தது. திரைக்கதையில் அது ‘அவள் தாழ்வாரத்தில் நடக்கிறாள்’ என்று ஒரே வரியாகச் சுருங்கிவிடும்.

அடுத்த சிக்கல் தனிமை. இந்த கேம்களில் பெரும்பாலும் ஒருவர் மட்டும் பேசாமல் அலைவார். படத்தில் யாராவது பேசியாக வேண்டும் என்ற நெருக்கடி வரும். கூட ஒரு ஆள் சேரும், அல்லது வேறொரு இடத்தில் நடக்கும் கிளைக்கதை சேரும். 2006 படத்தில் இரண்டும் நடந்தன. கேமில் சைலன்ட் ஹில் என்ற ஊரில் மகளைத் தேடும் ஹாரி மேசன், படத்தில் ரோஸ் என்ற தாயாக மாறினார். அது கான்ஸ் யோசித்தே எடுத்த முடிவு. ஆனால் ஸ்கிரிப்ட்டில் ஆண்களே இல்லை என்று ஸ்டூடியோ தரப்பிலிருந்து கருத்து வர, ஷான் பீன் நடித்த கணவனின் தேடல் பெரிதாக்கப்பட்டது. விளைவைப் படத்திலேயே பார்க்கலாம். ரோஸ் சாம்பல் மழைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். கட் செய்தால் வெயிலும் மழையும் உள்ள சாதாரண உலகம், போலீஸ்காரர், கோப்புகள். ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் பார்ப்பவருக்கு ஒரு கதவு திறந்துவிடப்படுகிறது. கேம் அந்தக் கதவை எட்டு மணி நேரம் திறக்கவே இல்லை.

ஆனாலும் அந்தப் படத்தை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். அதில் ஒரு காட்சி இந்த விவாதத்துக்கே பாடம். ஆஸ்பத்திரியின் அடித்தளத்துக்குப் போகுமுன் ரோஸ் சுவரில் உள்ள வரைபடத்தைப் பார்த்து வழியை மனப்பாடம் செய்கிறாள். கீழே தாழ்வாரம் முழுக்க முகமில்லாத நர்ஸ்கள், சிலை மாதிரி உறைந்து நிற்கிறார்கள். டார்ச் வெளிச்சம் பட்டதும் உடம்பு முறுக்கிக்கொண்டு அசைகிறார்கள். அவள் டார்ச்சை அணைக்கிறாள், அவர்களும் நிற்கிறார்கள். வெளிச்சம் இருந்தால் பார்க்கலாம், ஆனால் அவர்கள் வருவார்கள். அணைத்தால் அவர்கள் வரமாட்டார்கள், ஆனால் எதன்மேல் மோதுவோம் என்று தெரியாது. அணைத்துவிட்டு அவர்களுக்கு நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைகிறாள். கேமின் டார்ச் விதியும் வரைபட விதியும் அப்படியே சினிமாவாகிவிட்டன. விதி என்னவென்று நமக்கு முதலிலேயே காட்டினார்கள், தேர்வை அவள் கையில் கொடுத்தார்கள், தவறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். நம் கை சும்மா இருந்தாலும் மூச்சு நிற்கிறது. கேமில் அங்கங்கே வந்த சைரனைப் படம் ஒரு கறாரான விதியாகவே ஆக்கியதும் இதே காரணத்தால் வேலை செய்கிறது: சத்தம் கேட்டதும் இருட்டு வரப்போகிறது, அதற்குள் ஓடியாக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் படத்தின் மிக மோசமான பகுதி அந்த நர்ஸ் காட்சிக்கு அடுத்த அறையிலேயே இருக்கிறது. அங்கே ஒரு சிறுமி, ஊரின் கதை மொத்தத்தையும் பழைய ஃபிலிம் போன்ற ஃப்ளாஷ்பேக்கில் விளக்க ஆரம்பிக்கிறாள். யார் யாரை எரித்தார்கள், இருட்டு எப்படி வந்தது, யார் யாருடைய பாதி என்று நிமிடக்கணக்கில் ஓடுகிறது. கேமில் இந்தத் தகவல்கள் கிழிந்த தாள்களாக, பாதி வசனங்களாகச் சிதறிக் கிடக்கும். எடுத்துப் படிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். படிக்காமலும் முடிக்கலாம். பாதி புரிந்தும் புரியாமலும் இருப்பதே அந்த ஊரின் பயம். இரண்டு மணி நேரத்தில் சொல்லி முடிக்க வேண்டிய படத்துக்கு, புரியவில்லை என்று ஆடியன்ஸ் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வருகிறது. இந்தப் பயம் வந்தால் அந்தப் பயம் போய்விடும்.

உருவங்களைத் தூக்கிக்கொண்டு வருவதில் இன்னொரு ஆபத்து. 2006 படத்தில் வரும் பிரமிட் தலையன் முதல் கேமைச் சேர்ந்தவனே இல்லை. 2001-இல் வந்த ‘சைலன்ட் ஹில் 2’-இல், செத்துப்போன மனைவியிடமிருந்து கடிதம் வந்தது என்று அந்த ஊருக்கு வரும் ஜேம்ஸ் சண்டர்லேண்டுக்காகப் பிறந்தவன். நோயாளி மனைவியைக் கொன்றவன் ஜேம்ஸ்தான். தண்டிக்க ஒருவன் வேண்டும் என்று அவன் மனம் தேடியதுதான் அந்தத் தலையன். ரோஸின் கதையில் அவனுக்கு வேலை இல்லை. கத்தியை இழுத்துக்கொண்டு வருகிறான், பார்க்க அசத்தலாக இருக்கிறான், நடனக் கலைஞர் ராபர்ட்டோ காம்பனெல்லாவின் உடல்மொழி அபாரம். ஆனால் ரோஸ் செய்த எந்தத் தப்புக்கு அவன் வந்தான் என்ற கேள்விக்கு விடை இல்லாததால், அங்கே அவன் போஸ்டரில் இருக்கும் பூதம்தான்.

அதே சைலன்ட் ஹில் 2-இல், படமாக்கவே முடியாதது என்று நான் நினைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. எந்த முடிவு வரும் என்பதை அந்த கேம் உங்களிடம் கேட்காது. நீங்கள் ஆடும் பழக்கத்தைக் கவனித்துத் தானே முடிவெடுக்கும். காயத்தோடு மருந்து போடாமலே திரிந்தீர்களா, வழியில் சந்திக்கும் ஏஞ்சலா என்ற பெண் கொடுத்த கத்தியை அடிக்கடி எடுத்துப் பார்த்தீர்களா? ஜேம்ஸ் தற்கொலையை நோக்கிப் போகிறான் என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். மனைவியின் புகைப்படத்தையும் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தீர்களா, வேறு கணக்கு. மனைவியின் சாயலில் வரும் மரியாவின் பக்கத்திலேயே இருந்து அவளைக் காப்பாற்றினீர்களா, இன்னொன்று. முடிவு வந்த பிறகுதான், இவ்வளவு நேரம் என்னை யாரோ எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள் என்று ஆடியவருக்கு உறைக்கும். படத்தில் ஜேம்ஸை எடைபோடலாம். உங்களை எடைபோட முடியாது.

அப்படியானால் கேமராவைப் பாத்திரத்தின் கண்ணாகவே வைத்துவிடலாமே? 2005-இல் ‘டூம்’ படத்தில் ஐந்து நிமிடத்துக்கு அருகில் ஒரே நீட்டாகச் செய்து பார்த்தார்கள். துப்பாக்கி முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, தாழ்வாரம் தாழ்வாரமாகக் காட்சி ஓடுகிறது. ரசிகர்கள் கைதட்டினார்கள், ஆனால் பயம் இல்லை. கண்ணைக் கடன் கொடுத்தார்கள், கழுத்தைக் கொடுக்கவில்லை. பின்னால் திரும்ப வேண்டும் என்று தோன்றும்போது திரும்ப முடியாத கண், பக்கத்து வீட்டுப் பையன் விளையாடுவதைத் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது மாதிரிதான்.

சாவு என்ற விதியைப் பிடித்தவர்கள் இதைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். கேமில் செத்தால் மறுபடி வரலாம்; படத்தில் நாயகன் செத்தால் கதை முடிந்தது, சாகமாட்டான் என்று தெரிந்தால் பதற்றம் முடிந்தது. 2015 கேமிலிருந்து 2025-இல் வந்த ‘அன்டில் டான்’ படம், செத்தவர்கள் அதே இரவின் தொடக்கத்தில் மறுபடி விழிப்பது போலக் கதையையே மாற்றியது. கேமின் பாத்திரங்களையும் பனிமலைக் கதையையும் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள் என்று ரசிகர்கள் கோபப்பட்டது நியாயம். ஆனால் விதியை எடுத்துக் கதையை விடுவது என்ற திசை சரியானது என்பது என் கட்சி. ஜப்பானில் 2023-இல் வந்த ‘எக்ஸிட் 8’ கேமுக்குக் கதையே கிடையாது. சுரங்க ரயில் நிலையத்தின் ஒரே தாழ்வாரம் திரும்பத் திரும்ப வரும். ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் திரும்பிப் போ, தெரியவில்லை என்றால் நேரே போ. தவறினால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பி. 2025-இல் கென்கி கவாமுரா இதைப் படமாக்கியபோது அந்த விதியைத் தியேட்டருக்கே கொடுத்துவிட்டார். பார்ப்பவரும் சுவரில் உள்ள போஸ்டர்களை, கதவுக் கைப்பிடியை, எதிரே வரும் மனிதரைச் சரிபார்க்க ஆரம்பித்துவிடுவார். கை சும்மா இருக்கிறது, கண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது. நம்மூரிலும் இதற்கு உறவான ஒன்று உண்டு: அஸ்வின் சரவணனின் 2019 படம் ‘கேம் ஓவர்’ எந்த கேமின் தழுவலும் இல்லை. ஆனால் நாயகிக்கு மூன்று உயிர் என்ற விதியை வைத்து, ஒரே இரவைத் திரும்பத் திரும்ப ஆட வைத்தது. சக்கர நாற்காலியில் இருப்பவள் என்பதால் ஒவ்வொரு அறைக்கும் போக எவ்வளவு நேரமாகும் என்பதும் விதியாகிவிடுகிறது.

இருந்தாலும், முழுத் தழுவல் என்று வந்தால் நான் முதலில் நீட்டுவது தைவானின் ‘டிடென்ஷன்’. ரெட் கேண்டில் கேம்ஸ் 2017-இல் வெளியிட்டது. பக்கவாட்டில் நடக்கும் சின்ன 2டி கேம். களம் 1960-களின் தைவான், 1949 முதல் 1987 வரை நீடித்த ராணுவச் சட்டக் காலம். தடைசெய்யப்பட்ட புத்தகங்களை ஒளித்துப் படிக்கும் ஒரு பள்ளி வாசகர் வட்டம். இரவில் ஆளில்லாத பள்ளியில் விழிக்கும் மாணவி ஃபாங் ரே-ஷின்னை நாம் நடத்திக்கொண்டு போகிறோம். ஆவிகள் பக்கத்தில் வந்தால் மூச்சை அடக்க வேண்டும். பட்டனை அழுத்திப் பிடித்தபடி, மூச்சு முட்டுவதற்குள் கடந்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் பிழைத்துக்கிடந்தவர்கள் தினமும் செய்ததும் அதுதானே! இரண்டு மணி நேரம் அவளுக்காகப் புதிர்களை விடுவித்த பிறகுதான் தெரியவருகிறது, வாசகர் வட்டத்தைக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். இவ்வளவு நேரம் நீங்கள் காப்பாற்றி வந்த கைதான் அந்தப் புத்தகப் பட்டியலைக் கொடுத்தது. கடைசியில் அவளிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்து, குற்றத்தை ஏற்றுக்கொள்வாள், அல்லது மறுத்துவிட்டு அதே இருட்டில் சுழன்றுகொண்டே இருப்பாள்.

2019-இல் ஜான் ஷு இதைப் படமாக்கியபோது அந்த அதிர்ச்சியை அப்படியே கொண்டுவர முடியாது என்பதை உணர்ந்தே வேலை செய்திருக்கிறார். நாம் நடத்தாத பெண் துரோகி என்று தெரிந்தால் அது கதைத் திருப்பம் மட்டுமே, நம்மேல் ஒட்டாது. அதனால் படம் மூன்று பகுதிகளாகப் பிரிகிறது: கெட்ட கனவு, காட்டிக்கொடுத்தவர், உயிரோடு இருப்பவர்கள். நடுப்பகுதியிலேயே ரகசியத்தை உடைத்துவிட்டு, பாரத்தை வெய் சுங்-டிங் என்ற மாணவன்மேல் ஏற்றுகிறார்கள். பிழைத்திருந்து நினைவில் வைத்திருப்பதா, எல்லாரோடும் சாவதா என்ற தேர்வு அவனுக்கு. கேமில் நம்மிடம் கேட்ட கேள்வி, படத்தில் பாத்திரத்திடம் கேட்கப்படுகிறது. கேமில் விளக்கு ஏந்திவரும் ஒரு நெட்டைப் பூதத்தையும் மாற்றினார்கள்: உடம்பில் ராணுவச் சீருடை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி. அதைப் பார்ப்பவர் தன்னையே பார்ப்பார். ஜேம்ஸுக்குத் தலையன் என்னவோ, அதற்கு ஈடான ஒன்று இந்தக் கதைக்குள்ளிருந்தே செய்யப்பட்டது. அந்த வருடம் தைவானின் கோல்டன் ஹார்ஸ் திரைப்பட விழாவில் சிறந்த தழுவல் திரைக்கதை, சிறந்த புதுமுக இயக்குநர் உட்பட ஐந்து விருதுகள் வாங்கியது. குறை இல்லாமல் இல்லை: மூச்சடக்கும் விதியின் இறுக்கத்தைப் படம் எட்டவில்லை, திடுக்கிட வைக்கும் சத்தங்கள் கொஞ்சம் மலிவு. ஆனால் எதை இழக்கிறோம் என்று தெரிந்து இழந்த படம்.

இனி வருவதில் என் கணிப்பு கலந்திருக்கிறது. நீங்கள் ‘சொதப்பல்’ என்பதைத் தயாரிப்பாளர் சொதப்பலாகப் பார்ப்பதில்லை. 2023-இல் ப்ளம்ஹவுஸ் நிறுவனம் எடுத்த ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடீஸ்’ சுமார் 2 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, உலக அளவில் 29 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்த கேமில் நீங்கள் இரவுக் காவலாளி, நடமாடும் பொம்மைகள் உங்களைத் தேடி வரும். அதன் விதி அற்புதமானது: நாற்காலியை விட்டு எழ முடியாது, இரண்டு கதவு, சில கேமராக்கள், கதவை மூடினாலும் கேமராவைப் பார்த்தாலும் கரண்ட் செலவாகும், காலை 6 மணிக்குள் கரண்ட் தீர்ந்தால் கதை முடிந்தது. படத்தில் காவலாளி மைக் வேலை நேரத்தில் வேண்டுமென்றே தூங்குகிறான், தம்பி கடத்தப்பட்ட கனவைக் காண. தூங்கவே விடாத கேமிலிருந்து தூங்கும் நாயகன்! ஜிம் ஹென்சன் கிரியேச்சர் ஷாப் நிஜமாகவே செய்து கொடுத்த பொம்மைகள் பிரமாதம், பயம் குறைவு. ஆனால் வந்த கூட்டத்தில் பெரும்பகுதி பதின்வயதினர், யூடியூபில் அந்த உலகத்தின் கதைகளைக் கரைத்துக் குடித்தவர்கள் என்றே நினைக்கிறேன். அவர்கள் பயப்படவா வந்தார்கள், தெரிந்த முகங்களைப் பார்க்க வந்தார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ரெசிடென்ட் ஈவிலும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. ஜார்ஜ் ரொமேரோ எழுதிய, கேமுக்கு நெருக்கமான ஸ்கிரிப்ட்டை விட்டுவிட்டு, 2002-இல் பால் ஆண்டர்சன் கேமில் இல்லாத ஆலிஸ் என்ற நாயகியோடு ஆக்‌ஷன் படம் எடுத்தார். 2016 வரை ஆறு படம், மொத்தம் 120 கோடி டாலருக்கு மேல். அதன் லேசர் தாழ்வாரக் காட்சியை 2005-இல் ‘ரெசிடென்ட் ஈவில் 4’ கேமே திருப்பி எடுத்துக்கொண்டது. 2021-இல் ‘வெல்கம் டு ரக்கூன் சிட்டி’ நேர் எதிர்ப்பக்கம் போய், மாளிகையையும் போலீஸ் நிலையத்தையும் கேமில் உள்ளபடி கட்டி, முதல் இரண்டு கேம்களின் கதையையும் 107 நிமிடத்துக்குள் திணித்தது. சுவர்கள் அச்சு அசலாக இருந்தன. அவற்றுக்குள் தொலைந்துபோக நேரம்தான் இல்லை. ஒரு இடம் பயமுறுத்த வேண்டுமென்றால் அதன் அமைப்பு பார்ப்பவருக்கு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். இரண்டு கட்டடத்துக்கு இடையே தாவிக்கொண்டிருந்தால் அது நடக்காது.

சீரியலாக எடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். 2023-இல் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதல் சீசன் ஒன்பது எபிசோடில் மூச்சுவிட இடம் கண்டது உண்மை. ஆனால் அது பெயர் வாங்கியது பாத்திரங்களுக்காக. காற்றில் பூஞ்சை வித்துக்கள் இருந்தால் முகமூடி போட வேண்டும் என்ற கேமின் விதியை அந்த சீசனில் கழற்றியே விட்டார்கள். ஆக, நீளம் கதைக்கு உதவும். பயத்துக்கும் உதவும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

குறும்படமாகவாவது முயன்று பார்க்க நினைத்தால், கதைச்சுருக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கேமை ஒரு மணி நேரம் ஆடுங்கள், அல்லது முதல்முறை ஆடும் ஒருவரைப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். கை தயங்கி நின்ற இடங்களை மட்டும் குறியுங்கள். பத்துப் பதினைந்து இடம் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் என்ன தேர்வு, தவறினால் என்ன போகும் என்று எழுதுங்கள். அதில் மூன்றை எடுத்து, அந்தத் தேர்வையும் அதன் விலையையும் ஆபத்து வருமுன்பே பார்ப்பவருக்குக் காட்டிவிடும் காட்சியை முதல் பத்து நிமிடத்துக்குள் வையுங்கள். அறைகளின் அமைப்பை வெளிச்சத்தில் ஒருமுறை வெட்டாமல் நடந்து காட்டுங்கள். இருட்டில் அதே வழியில் போகும்போது அது வட்டியோடு திரும்பி வரும். சத்தத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சைலன்ட் ஹில்லில் ரேடியோ இரைந்தால் பூதம் கிட்டே இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்டு நிற்பதா, ஓடுவதா, டார்ச்சை அணைப்பதா என்று நீங்கள் தீர்மானிப்பீர்கள். படத்தில் இரைச்சலைப் போட்டுவிட்டு உடனே பூதத்தைக் காட்டினால், வரப்போவதை முன்கூட்டியே சொல்லிக் கெடுத்தது மாதிரி. இரைச்சலுக்குப் பிறகு பாத்திரம் ஏதாவது ஒன்றைத் தீர்மானிக்கும் வரை, இருபது முப்பது நொடி எதையும் காட்டாதீர்கள். பின்னணி இசையை அங்கே முழுக்க எடுத்துவிட்டு, அறையின் இயல்பான ஓசையை மட்டும் விடுங்கள்.

கேமை ஆடிவிட்டு அதன் படத்தைப் பார்ப்பதென்றால் டிடென்ஷனிலிருந்து தொடங்குங்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும், சாதாரண லேப்டாப் போதும். முடித்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் படத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் எதை விட்டு எதைப் பிடித்தார்கள் என்பது ஞாபகத்தில் இருக்கும்போது பார்த்தால்தான் பிடிபடும்.